காரிச்சிக்கரை

ஒரு ஊர்ல ஒரு சந்தேகக்காரரு இருந்தாரு. பேரு அம்பலக்கூத்தரு. ராசாக்க ஆண்ட காலம். ஊர் ஏரியக் காக்குற பொறுப்பு அவருக்கு. ஏரி ஒடைஞ்சா ஊரே போயிடும். அதனால கரையில காக்கா உக்காந்தாக்கூட, எதுக்கு உக்காந்துச்சுன்னு யோசிப்பாரு. ம் கொட்டு.

அப்போ எங்கிருந்தோ காரிச்சின்னு ஒருத்தி வந்தா. நண்டு புடிக்கிறவ. தண்ணி வத்திக் கெடந்த நேரம். மொத நாளு, கரையோட உள்சரிவக் குச்சியால தொக்கு தொக்குன்னு குத்துனா. ஏன் குத்துறேன்னாரு. நண்டு வளை தேடுறேன்னா. அவரு நம்பல. மறுநாளு கூடை நெறையக் களிமண்ணோட நின்னா. வளைய அடைக்கத்தான்னா. கரையையே வெட்டிக் கொண்டுபோறான்னு நெனச்சாரு இவரு. மூணாம் நாளு, தோள் வரைக்கும் கைய வளைக்குள்ள விட்டுக்கிட்டுக் கெடந்தா. அவ்வளவுதான். பகையாளி ஊரு அனுப்புன ஆளுன்னு சொல்லி, கூடைய ஒதைச்சு, எல்லைக்கு அந்தாண்ட வெரட்டிட்டாரு.

அப்புறம் பேஞ்சுது பாரு மழை, சோன்னு ஏழு நாளு. ஏரி தளும்புது. கரைக்கு வெளிப்பக்கம் அடியில குபுகுபுன்னு தண்ணி. ஊரே வைக்கோலத் திணிக்குது, கல்லப் போடுது. எல்லாத்தையும் துப்பித் தள்ளுது.

அப்போ காரிச்சி ஓடியாந்தா, தலையில களிமண்ணு. இருக்குற ஓட்டையப் பெருசாக்க வந்தியான்னு கூத்தரு அவ கையப் புடிச்சுக்கிட்டாரு.

"வெளிய அடைச்சா நிக்காது சாமி. வாய் உள்பக்கம் இருக்கு. கைய விடுங்க."

விட்டா ஊரு போயிடுமோ, விடாட்டிப் போயிடுமோ? பக்கத்துல கெடந்த மாட்டுக் கயித்த அவ இடுப்புல கட்டி, மறுமுனையத் தான் புடிச்சுக்கிட்டாரு. காப்பாத்தவா? இல்ல கண்ணு, தப்பிச்சு ஓடிடக் கூடாதுன்னு.

தொபுக்குன்னு ஏரிக்குள்ள எறங்குனா. காலால தடவி வளையோட வாயக் கண்டுபுடிச்சுக் களிமண்ண அப்புனா. நிக்கல. மேல நின்னவங்க இன்னும் உருட்டிக் குடுத்தாங்க. அப்பவும் நிக்கல. மூணாந்தடவ அப்புறப்ப, சுழி அவளையே உள்ள இழுக்குது. கயிறு வெடவெடன்னு ஆடுது. கூத்தரு பல்லக் கடிச்சுக்கிட்டு இழுத்தாரு, இழுத்தாரு... அவ மேல வந்தா. வெளிய தண்ணி நின்னுபோச்சு.

அவ மூச்சு வாங்கிக் கெடக்குறா. அந்த மனுசனுக்கு அப்பவும் தீரல பாரு.

"இத்தாம் பெரிய ஏரியில, ஓட்டை இருக்குற எடம் உனக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

"நீங்க வெரட்டுன அன்னிக்கு என்னைய அடைக்க விடாத வளைங்க அது."

கூத்தரு கயித்தக் கீழ போட்டாரு. அதுக்கப்புறம், இது எந்த ஊருன்னு வழிப்போக்கன் யாரு கேட்டாலும், மத்தவங்க வாயத் தொறக்குறதுக்கு முன்னால அவரே சொல்லிடுவாரு, காரிச்சிக்கரைன்னு.

கதை கரையேறிடுச்சு. நீ கண்ண மூடு.