பராக்கு நடை

முகம் தெரியாத தூரத்தில் வரும்போதே, நடையை வைத்து இன்னார் என்று சொல்லியிருக்கிறீர்களா? நம் வீட்டு ஆள் என்றால் எல்லோரும் சொல்லிவிடுவோம். வழியில் போகிற வருகிற எல்லோருக்கும் நடையை வைத்தே ஒரு பேர் சூட்டுகிறவர் ஒருவர் இருந்தார். அம்பலவாணன் என்று பேர்.

மலைக்கோயிலுக்குப் போகும் பாதையில் ஒரு சின்ன மடம். நடந்து வருகிறவர்களுக்கு மோரும் சோறும் கொடுக்கிற மடம். அதை நடத்தியவர் நீலாயதாட்சி அம்மா. நாற்பது வயதுகூட இருக்காது. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்ற அம்பலவாணன்தான் அவருக்குச் சீடர். தன் மகள் வயதுள்ளவரை அவர் ‘தாயே’ என்பார். அம்மா அவரை ‘ஐயா’ என்பார்.

வாசலில் நின்று, வருகிறவர்களைப் பார்த்து உள்ளே குரல் கொடுப்பது அம்பலவாணனின் வேலை.

“தாயே, தேர் நடை ஒண்ணு வருது!” என்றால், பருத்த உடம்போடு ஆடி அசைந்து ஒருவர் வருகிறார். அம்மா அகலமான மணையாகப் பார்த்து எடுத்துப் போடுவார். “இழுவை” என்றால் காலில் கொப்புளம். வெந்நீரும் விளக்கெண்ணெயும் தயாராகும். “தத்தல்” என்றால் நடை பழகும் பிள்ளை, பால் சூடாகும். மனசே இல்லாமல், வீட்டுக்காரி இழுத்த இழுப்புக்கு வருகிற புருஷன்மாருக்கு “மாமியார் வீட்டு நடை” என்று பேர். அவர்களுக்கு முதலில் மோர், பேச்செல்லாம் அப்புறம்.

ஒருநாள் மத்தியானம் அம்பலவாணன் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்.

“இன்னைக்குப் புதுசா ஒண்ணு பார்த்தேன் தாயே. பராக்கு நடை! நாலடி வைக்கிறார், நிக்கிறார், திரும்பிப் பார்க்கிறார். பாதையை விட்டு இறங்குறார், மறுபடி ஏறுறார்.”

“மோர் கொடுத்தீங்களா?”

“எங்கே போறோம்னு அவருக்கே தெரியல. அவரைக் கூப்பிட்டு என்ன செய்யுறது? நான் வேலையில இருந்தவரைக்கும் விலாசம் இல்லாம ஒரு தெருவுல கால் வெச்சதில்லை. போற இடம் இல்லாம நடக்கிறவன் எங்கேதான் தாயே போய்ச் சேருவான்?”

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

கீரை அடுப்பில் ஏறும் முன்னே ஒரு பெண் ஓடி வந்தாள். செருப்பு இரண்டும் கையில் இருந்தன.

“சாமி, எங்க வீட்டுக்காரரைப் பார்த்தீங்களா? பேரு கோதண்டம். கட்டம் போட்ட துண்டு போட்டிருப்பாரு. இப்பல்லாம் அவருக்கு நினைப்பு நிக்கிறதில்ல. மலைக்குக் கூட்டிக்கிட்டு வந்தேன், பூ வாங்குற நேரத்துல கையை விட்டுட்டேன்.”

அம்பலவாணனின் முகம் மாறிவிட்டது.

“பார்த்தேம்மா. இந்த வழியாத்தான் போனார்.”

“கூப்பிட்டு உக்கார வெச்சிருக்கக் கூடாதா சாமி? அந்தப் பக்கம் கல்குவாரிப் பள்ளம் இருக்குதாமே, தண்ணி ரொம்பி நிக்குதாமே.”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். பஸ் நிற்கும் இடம் வரை ஒரே நடை. அங்கே இல்லை. குவாரிப் பள்ளத்துக்கு ஓடினார். தண்ணீர் அசையாமல் கிடந்தது. கரையில் கால்தடம் எதுவும் இல்லை. திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பூங்காவனம் (அதுதான் அந்தப் பெண்ணின் பேர்) வாசலிலேயே நின்றிருந்தாள். அவர் தனியாக வருவதைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“எப்படிப் போனீங்க?” என்று கேட்டார் அம்மா.

“ஓடினேன் தாயே. ஒரு இடத்துல நிக்கல.”

“அவர் எப்படிப் போனார்?”

“அதான் சொன்னேனே. நின்னு நின்னு.”

“அப்படிப் போய்ப் பாருங்க.”

“இருட்டப் போகுது தாயே!”

“அதனாலதான் சொல்றேன்.”

அம்பலவாணன் அந்த மனிதரைக் கடைசியாகப் பார்த்த இடத்துக்குப் போனார். நாலடி வைத்தார். நின்றார். திரும்பிப் பார்த்தார். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று கூச்சமாக இருந்தது. கால் தானாக வேகம் பிடித்தது, இழுத்துப் பிடித்து நிறுத்தினார். அந்த மனிதர் திரும்பியபோது ஆள் முகத்தைத் தேடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முழங்கால் உயரத்தில் எதையோ பார்த்தார். உதட்டைக் குவித்து ஏதோ சத்தம்கூடக் கொடுத்தார்.

அம்பலவாணனும் முழங்கால் உயரத்தில் பார்த்தார். அங்கே கருவேல மரத்தடியில், ஆடுகள் விரும்பித் தின்கிற நெற்று உதிர்ந்து கிடந்தது. பாதையை விட்டு இறங்கி அங்கே போய் நின்றார். நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அடுத்த பச்சை ஓர் இலந்தைப் புதர். அதையும் தாண்டினால் அருகம்புல். புல் சரிந்து இறங்கிய இடத்தில் ஒரு குட்டை.

குட்டைக் கரையில் கோதண்டம் குந்தி உட்கார்ந்திருந்தார். கையில் ஓர் ஒடித்த குச்சி.

“சத்தம் போடாதீங்க” என்றார் கோதண்டம். “தண்ணி குடிக்குதுங்க.”

அம்பலவாணன் குட்டையைப் பார்த்தார். ஒன்றும் இல்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“பட்டிக்கு ஓட்டலாமா?” என்று கேட்டார் அம்பலவாணன்.

“ஓட்டலாம். நீங்க முன்னால போங்க, நான் பின்னால வர்றேன். வேகமாப் போயிடாதீங்க, குட்டிங்க இருக்குது.”

மடத்து வாசலில் விளக்கு வைத்திருந்தார்கள். பூங்காவனம் ஓடிவந்து புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், திட்டினாள், முகத்தைத் துடைத்துவிட்டாள். அவர் அவள் தோளுக்கு மேலாகப் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“உள்ளே வாங்க, சோறு ஆறுது” என்றார் அம்மா.

“எப்படி வர்றது? ஒரு வெள்ளைக் குட்டி பின்தங்கி நிக்குது. அதை விட்டுட்டு வரமாட்டேன்.”

“ஐயோ, ஆடெல்லாம் வித்து எத்தனையோ காலமாச்சுங்கம்மா” என்றாள் பூங்காவனம். “இப்படித்தான் வீட்டுலயும் வாசப்படியிலயே நின்னுடுவாரு. சாப்பிட மாட்டாரு. நான் எவ்வளவு சொல்லியும் கேக்கிறதில்ல.”

அம்பலவாணன் அம்மாவைப் பார்த்தார். பாதையைப் பார்த்தார். கோதண்டத்திடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

அம்மா கதவின் இரண்டாவது பலகையையும் அகலத் திறந்து, கல்லை வைத்து நிறுத்தினார்.

“ஐயா, அந்தக் குட்டியைக் கொஞ்சம் ஓட்டிக்கிட்டு வந்துடுங்க. மெதுவாவே வாங்க. அது வந்தப்புறம் இலை போடுறேன்.”