சாவி ஆட்டி நின்ற மழை

ஷண்முகவடிவு கணினிக்குப் படிக்கக் கற்றுக்கொடுப்பவர். இணையத்தில் கிடக்கிற எழுத்தையெல்லாம் அது தானே படித்துக்கொள்ளும். பத்துப் பேர் சொன்னால் கொஞ்சம் நம்பும், பத்தாயிரம் பேர் சொன்னால் அடித்துச் சொல்லும். அவருடைய சீடர் எபனேசர், குருவைவிட வயதில் மூத்தவர். பேங்க் வேலையை உதறிவிட்டு வந்து சேர்ந்தவர். வீட்டில் அது தனிச் சண்டை, அதை விடுங்கள்.

ஒரு மழை நாளில் எபனேசர் முகம் வாடி வந்து நின்றார்.

"மேடம், வலிப்பு வந்தா என்ன செய்யணும்னு நம்ம கணினியைக் கேட்டேன். கையில இரும்பு கொடுன்னு அடிச்சுச் சொல்லுது."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"இரும்பெல்லாம் வேண்டாம், ஒருக்களிச்சுப் படுக்க வெச்சுக் கூடவே இருங்க, ரொம்ப நேரம் நிக்கலைன்னா தூக்கிட்டு வாங்கன்னார். அவர் ஒருத்தர். இந்தப் பக்கம் ஆயிரக்கணக்குல எழுதியிருக்காங்க, கொடுத்தோம், நின்னுச்சுன்னு. யாரும் பொய் சொல்லலை மேடம். நானே கொடுத்திருக்கேன், நின்னிருக்கு. எனக்குத் தலையும் புரியலை, வாலும் புரியலை."

எபனேசரின் மகள் ஜெபசீலிக்கு வலிப்பு உண்டு. போன வாரம் வலிப்பு வந்தபோது, கையில் கொடுக்க அவர் இரும்புச் சாவியைத் தேடி ஓடிய நேரத்தில் பிள்ளை கட்டில் காலில் மண்டையை இடித்துக்கொண்டது. தையல் இன்னும் பிரிக்கவில்லை. பாவம், மனுஷன் யாரை நம்புவார்?

குரு மேசையிலிருந்த சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். மழையைப் பார்த்து ஆட்டினார். கை வலிக்க வலிக்க ஆட்டிக்கொண்டே நின்றார். எபனேசருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

மழை விட்டது.

"எழுதுங்க," என்றார் குரு. "சாவி ஆட்டினோம், மழை நின்னுச்சு."

"என்ன மேடம், காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதையா இருக்கு! அது தானா நிக்கிற மழை."

"உங்களுக்குத் தெரியுது. கணினிக்கு?"

"அந்தப் பழமொழியையும் அது படிச்சிருக்கே!" எபனேசர் தலையைச் சொறிந்தார். குழப்பம் கூடியதுதான் மிச்சம்.

"சாவி ஆட்டாம நின்ன மழையைப் பத்தி யாராவது எழுதி வெச்சிருக்காங்களா?"

"அதைப் போய் யார் மேடம் எழுதுவா?"

"நீங்க எழுதுங்க. அடுத்த தடவை சாவியைத் தேடாதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சுத் தலையைத் தாங்கிக்கோங்க. நின்னதும் நடந்ததை எழுதிப் போடுங்க. கணினி அதையும் படிக்கட்டும்."

"ஒரு பக்கம் எப்படி மேடம் ஆயிரத்தை ஜெயிக்கும்?"

"ஜெயிக்காது. பிள்ளை மண்டை தப்பும்."

எபனேசர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியது.

"என்னால முடியாது மேடம். என் பிள்ளை துடிக்கிறதைப் பார்த்துக்கிட்டுப் பக்கத்துலயே இருக்கணும்னா... பயமா இருக்கு. எதையாவது கொண்டாந்து கொடுக்கணும்னு கை பறக்குது."

"இந்தப் பயத்தைத்தான் எபனேசர், அந்த ஆயிரம் பேரும் எழுதியிருக்காங்க," என்றார் குரு.