மலையேறிய ஜீப்

கரடிப்பாறை மலையூரில் செல்போன் சிக்னல் கிடையாது. பிரசவ வலி வந்தால்கூட ஆம்புலன்ஸைக் கூப்பிட முடியாது. டவர் கேட்டு மலையிறங்கி வந்த சடைச்சியைத் தாலுகா அதிகாரி நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

“வாயால சொல்றதெல்லாம் இங்கே செல்லாதும்மா. ஊருக்குப் போய் ஆப்பில் புகார் போடு.”

“அங்கே சிக்னலே இல்லைங்களே ஐயா?”

“அதையும் ஆப்பிலேயே போடு!”

“அப்ப நீங்களே வந்து போட்டுக் காட்டுங்க. ஊரே மாலையோட காத்திருக்கும்” என்றாள் சடைச்சி.

மாலை என்றதும் அதிகாரி கிளம்பிவிட்டார். மாலை கழுத்தில் விழுந்தது, ஆப் திறக்கவில்லை. திரும்பும்போது ஊர் எல்லையிலேயே ஜீப் சேற்றில் புதைந்தது. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாறை பாறையாக ஏறிப் பார்த்தவர், கடைசியில் கெஞ்சினார்: “யாராவது கீழே போய் ஆபீஸில் சொல்லுங்கப்பா!”

“போகலாம். ஆனா வாயால சொன்னா அங்கே செல்லாதுங்களே ஐயா” என்றாள் சடைச்சி.

ஊரே சிரித்தது, சிரித்துக்கொண்டே ஜீப்பைத் தள்ளியும் விட்டது. மறுநாள் சடைச்சி சொல்லச் சொல்ல, டவர் மனுவை அதிகாரியே கைப்பட எழுதினார்.