நான்காம் இடம்

நான்கு கார்களையும் மூன்று நாள் ஓட்டியாயிற்று. எழுத உட்கார்ந்தபோது ஜக்கரியாவுக்குக் கை ஓடவில்லை.

ஏலகிரி மலையில் ஒரு விடுதியில் அவரும் அங்கயற்கண்ணியும் தங்கியிருந்தார்கள். அங்கயற்கண்ணி ஒரு மோட்டார் மாத இதழின் ஆசிரியர். புதிய கார்களை மலைப்பாதையில் ஓட்டிப் பார்த்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, முதல் இடம் எதற்கு, கடைசி இடம் எதற்கு என்று எழுதுவது அந்த இதழின் வழக்கம்.

விடுதி வாசலில் கார்கள் வரிசையாக நின்றன. மூன்று வெளிநாட்டுச் சொகுசுக் கார்கள். அவற்றின் பேரைச் சொன்னாலே கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார். நான்காவது, டாக்ஸிக்காரர்களுக்கும் நடுத்தரக் குடும்பங்களுக்கும் கார் செய்து பிழைக்கும் ஒரு கம்பெனியின் பெரிய செடான். நீளத்திலும் அகலத்திலும் மற்ற மூன்றுக்கும் அது குறைந்ததில்லை. விலை மட்டும் பாதி.

ஜக்கரியாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. சென்னையில் ஒரு நட்சத்திர ஹோட்டலில் இருபத்திரண்டு வருடம் டிரைவராக இருந்தவர். இதழில் வந்த ஒரு கட்டுரையில் பிரேக்கைப் பற்றிய தவறைச் சுட்டிக்காட்டி அவர் ஒரு கடிதம் போட்டார். அதைப் படித்துவிட்டு அங்கயற்கண்ணி அவரை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். எழுதவும் சொல்லிக்கொடுத்தார். அங்கயற்கண்ணிக்கு நாற்பது வயதுதான். ஆனாலும் ஜக்கரியா அவரை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்.

காலை ஒன்பது மணிக்கு அங்கயற்கண்ணி வந்து பார்த்தார்.

"என்ன பாய், பேப்பர் வெள்ளையா இருக்கு?"

"ஒரு சந்தேகம் டீச்சர்."

"கேளுங்க."

"நாலுல எது நல்லா இருக்குன்னு எனக்குத் தெரியுது. எழுதத்தான் வரல."

"எது?"

ஜக்கரியா நான்காவது காரைக் காட்டினார்.

"ஏன்?"

"நேத்து கையில காபியை வெச்சுக்கிட்டு பின்னாடி உட்கார்ந்து வந்தீங்க. பதினாலு வளைவு. சிந்துச்சா?"

"இல்ல."

"மத்த மூணுலயும் சிந்துச்சு. அதுல ஒண்ணு இதைவிட வேகம், ஒத்துக்கறேன். இன்னொண்ணுல உள்ள மரவேலை கண்ணுல ஒத்திக்கலாம். ஆனா வயசானவங்களைப் பின்னாடி உட்கார வெச்சு முந்நூறு கிலோமீட்டர் போகணும்னா நான் இதைத்தான் எடுப்பேன்."

"அதையே எழுதுங்க."

"எழுதினா சிரிப்பாங்க டீச்சர். ஹோட்டல் டிரைவருக்கு என்ன தெரியும்னு கேப்பாங்க. அதுகூடப் பரவாயில்ல. அந்த மூணு காரோட பேரையும் வரிசையா எழுதி, கீழ இந்தப் பேரை எழுதினதும் எனக்கே என் மேல சந்தேகம் வருது. ஓட்டுறப்ப வரல. எழுதுறப்ப வருது. அது ஏன்?"

அங்கயற்கண்ணி மேஜை மேலிருந்த நான்காவது காரின் சாவியை எடுத்து ஜக்கரியாவிடம் நீட்டினார்.

"ஓட்டுங்க. வாணியம்பாடி வரைக்கும் போயிட்டு வருவோம்."

மலையில் நான்கைந்து வளைவுகள் இறங்கினார்கள். பிறகு அங்கயற்கண்ணி ரோட்டைப் பார்த்தபடியே ஆரம்பித்தார்.

"பதினோரு வருஷம் முன்னாடி இதே கம்பெனி இதே மாதிரி ஒரு பெரிய கார் செஞ்சாங்க. தெரியுமா?"

"கேள்விப்பட்டிருக்கேன். ஓடலைன்னு சொல்வாங்க."

"இதே ரோட்டுலதான் ஓட்டிப் பார்த்தேன். இதே மாதிரி மூணு பெரிய காரோட. எனக்கு இருபத்தொம்பது வயசு. ஒப்பிட்டு எழுதறதுக்கு முதல் தடவையா என்னை அனுப்பியிருந்தாங்க."

"எது நல்லா இருந்துச்சு?"

"அந்தக் கார்தான். எனக்குச் சந்தேகமே இல்ல."

"எத்தனாவது இடம் குடுத்தீங்க?"

"நாலாவது."

ஜக்கரியா திரும்பிப் பார்த்தார்.

"ரோட்டைப் பாருங்க பாய். எங்கப்பா பஸ் டிப்போவுல மெக்கானிக். நான் தமிழ்ல படிச்சு வந்தவ. அந்த ஆபீஸ்ல என் பேரே யாருக்கும் வாயில நுழையாது. என்னை நம்பணும்னா நான் பெரிய பேர் பக்கம் நிக்கணும்னு நினைச்சேன். டாக்ஸி கம்பெனி காரை முதல்ல வெச்சா, இவளுக்கு இவ்வளவுதான் தெரியும்னு சொல்லிடுவாங்கன்னு பயம்."

"குறைன்னு என்ன எழுதினீங்க?"

"அதுதான் சிக்கல். எழுத ஒண்ணுமே கிடைக்கல. அதனால 'எல்லாமே சரியாக இருக்கிறது, ஆனாலும் ஏதோ ஒன்று குறைகிறது'ன்னு எழுதினேன். எல்லாருக்கும் பிடிச்சுப் போச்சு. மத்த பத்திரிகைக்காரங்களும் அதையே வேற வேற மாதிரி எழுதினாங்க. எனக்குப் பேர் வந்துச்சு."

ஒரு பஸ் எதிரே ஏறி வந்தது. ஜக்கரியா ஓரம் கட்டி வழிவிட்டார்.

"அந்தக் கார் குலுங்காம இருக்கறதுக்கான சஸ்பென்ஷனைச் செஞ்சவர் ஒரு இன்ஜினியர். பொன்னுரங்கம். கட்டுரை வந்த மறுவாரம் ஆபீசுக்கே வந்துட்டார். சண்டை போட வந்திருக்கார்னு நினைச்சேன். கையில நோட்டுப் புத்தகம். 'அந்த ஒண்ணு என்னன்னு சொல்லுங்கம்மா, போட்டுடறேன்'னார்."

"நீங்க?"

"ஓட்டினாத்தான் தெரியும், சொல்லத் தெரியலைன்னேன். போயிட்டார். ரெண்டு மாசம் கழிச்சு என்னவோ மாத்திட்டு காரையே கொண்டு வந்தார். ஓட்டினேன். இன்னும் வரலைன்னேன். அப்படி மூணு தடவை. வருஷக் கடைசியில கம்பெனி அந்தக் காரை நிறுத்திடுச்சு."

"மூணு தடவையுமா டீச்சர்?"

"மூணு தடவையும்."

ஜக்கரியா கண்ணை ரோட்டிலேயே வைத்து வாணியம்பாடி வரை ஓட்டினார்.

பொன்னுரங்கம் அங்கே, சக்கரங்களின் சாய்வைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்ட் கடை வைத்திருந்தார். சின்னக் கடை. ஒரு மெஷின், சுவரோரம் பழைய டயர்கள். அவருக்கு அறுபதுக்கு மேலிருக்கும். உள்ளே வந்த காரைத்தான் அவர் முதலில் பார்த்தார். அதிலிருந்து இறங்கியவரை அப்புறம்தான் பார்த்தார்.

"அங்கயற்கண்ணிம்மா இல்ல?"

"ஆமா சார்."

"இதுதான் புதுசா?"

"அடுத்த மாசம் வருது."

அவர் காரைச் சுற்றி வந்தார். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து அடியில் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். எழுந்தபோது முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது.

"பின்பக்கம் நான் போட்ட அமைப்புதான். ரெண்டு மூணு இடத்துல கை வெச்சிருக்காங்க. இப்ப எப்படி இருக்கு? குறை இருக்கா இன்னும்?"

அங்கயற்கண்ணி நின்ற இடத்திலேயே நின்றார்.

"அன்னிக்கும் குறை இல்ல சார்."

"புரியல."

"நீங்க செஞ்ச கார்ல ஒரு குறையும் இல்ல. நாலுலயும் அதுதான் நல்ல கார். எனக்கு அன்னிக்கே தெரியும். பயந்துக்கிட்டு மாத்தி எழுதினேன்."

பொன்னுரங்கம் மேஜை மேல் கிடந்த பழந்துணியை எடுத்துக் கையைத் துடைக்க ஆரம்பித்தார். கையில் அழுக்கு எதுவும் இல்லை.

"மூணு தடவை கொண்டு வந்தேன்."

"ஆமா சார்."

"ஓட்டிப் பார்த்துட்டு இன்னும் வரலைன்னீங்க."

"ஆமா."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

அவர் டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்தார். ஜக்கரியா அந்தப் பக்கம் திரும்பி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கதவு ரப்பரை நாலு விதமா மாத்தினேன்" என்றார் பொன்னுரங்கம். "ஸ்பிரிங்கை எத்தனை தடவைன்னு ஞாபகம் இல்ல. என் பொண்ணு கல்யாணத்துக்கு முந்தின நாள்கூட பிளான்ட்லதான் இருந்தேன். வீட்டுல இன்னிக்கும் சொல்லிக் காட்டுவாங்க. கார் நின்னதும் என்னை லோடு வண்டிப் பிரிவுக்கு மாத்தினாங்க. நானே வேலையை விட்டுட்டேன். அவங்க அனுப்பல."

"ஏன் சார் விட்டீங்க?"

"எல்லாருக்கும் தெரியற குறை எனக்கு மட்டும் தெரியலன்னா, இந்த வேலைக்கு நான் லாயக்கில்லைன்னுதானே அர்த்தம்?"

அங்கயற்கண்ணி தலைகுனிந்தார்.

"முன்னாடியெல்லாம் சக்கரத்துல கையை வெச்சாலே எவ்வளவு சாய்ஞ்சிருக்குன்னு சொல்லிடுவேன். மெஷின்ல போட்டா அதே அளவு வரும். பிளான்ட்ல பந்தயம் கட்டுவாங்க. இப்ப பதினோரு வருஷமா மெஷின் சொல்றதுதான். என் கை சொல்றதை நான் கேக்கறதில்ல."

"சார், நான் இதழ்ல எழுதறேன். என் பேர் போட்டு, நான் செஞ்சது தப்புன்னு எழுதறேன்."

"எதுக்கு? வாங்கறதுக்கு அந்தக் கார் இல்லையேம்மா."

"உங்க பேருக்காக."

"என் பேர் அன்னிக்கும் அதுல இல்ல, இன்னிக்கும் இல்ல."

அவர் துணியை மடித்தார். பிரித்து மறுபடி மடித்தார்.

"தப்பு என்கிட்டன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். அதுல ஒரு ஆறுதல் இருந்துச்சு. என்னிக்காவது ஒரு நாள் அது என்னன்னு எனக்குப் புலப்படும்னு. ராஜம்பேட்டைல ஒருத்தர் அந்தப் பழைய கார் ஒண்ணு வெச்சிருக்கார், அந்தப் பக்கம் போறப்ப அதைக் கேட்டு வாங்கி ஓட்டிப் பார்ப்பேன். இதோ பிடிபட்டுடும், இதோ பிடிபட்டுடும்னு. இனிமே எதைத் தேடறது?"

அவர் அங்கயற்கண்ணியை நிமிர்ந்து பார்த்தார்.

"எதுக்கும்மா இப்ப வந்து சொன்னீங்க?"

"சொல்லணும்னு இருந்துச்சு சார். ரொம்ப நாளா."

"உங்களுக்கு இருந்துச்சு" என்றார் அவர். குரலில் கோபமே இல்லை.

ஒரு லோடு ஆட்டோ கடை முன்னால் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் ஸ்டியரிங் இடது பக்கமே இழுக்கிறது என்றார். பொன்னுரங்கம் எழுந்து போனார். குனிந்து, முன்சக்கரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு கையை எடுத்துவிட்டு உள்ளே வந்து மெஷினைப் போட்டார். அதற்குப் பிறகு அவர் இவர்கள் பக்கம் திரும்பவில்லை.

அங்கயற்கண்ணி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு காரில் போய் உட்கார்ந்தார்.

திரும்பி மலையேறும்போது ஜக்கரியா கேட்டார்.

"டீச்சர், சொல்லாம இருந்திருக்கலாமோ?"

"தெரியல பாய்."

"அப்ப எதுக்கு என்னைக் கூட்டிட்டு வந்தீங்க?"

"தனியா வர தைரியம் இல்ல. ரெண்டு தடவை வாணியம்பாடி வரைக்கும் வந்துட்டுத் திரும்பியிருக்கேன்."

கார் விடுதி வாசலில் வந்து நின்றது.

ஜக்கரியா அறைக்குப் போய் எழுத உட்கார்ந்தார். இந்த முறை கை நிற்கவில்லை. பெரிய பேர்கள் மூன்றையும் அவை உழைத்துச் சம்பாதித்த மரியாதையோடு எழுதினார். ஒன்றின் வேகத்தைப் புகழ்ந்தார், ஒன்றின் மரவேலையைப் புகழ்ந்தார். டாக்ஸிக் கம்பெனியின் காருக்கு முதல் இடம் கொடுத்தார். அதன் குறைகளையும் விடவில்லை. பின்சீட்டில் தொடைக்கு இரண்டு அங்குலம் போதாது, தொண்ணூறைத் தாண்டினால் இடது பக்கக் கண்ணாடியோரம் காற்று கூவுகிறது, டிக்கியின் மூடி கனம் என்று ஒவ்வொன்றையும் இடம் குறிப்பிட்டு எழுதினார். 'ஏதோ', 'என்னவோ' போன்ற சொற்கள் எங்காவது வந்துவிட்டனவா என்று ஒருமுறை தேடிப் பார்த்தார். ஒரு இடத்தில் இருந்தது. அடித்தார்.

மூன்று மணிக்கு முடிந்தது. எட்டுப் பக்கம்.

அங்கயற்கண்ணி வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டுத் தட்டு பக்கத்தில் அப்படியே இருந்தது. ஜக்கரியா தாள்களை நீட்டினார்.

"முடிச்சிட்டேன் டீச்சர். படிச்சுட்டுத் திருத்திக் குடுங்க."

அங்கயற்கண்ணி கை நீட்டவில்லை.

"அப்படியே அச்சுக்கு அனுப்பிடுங்க பாய்."

"எப்பவும் நீங்கதானே டீச்சர் திருத்துவீங்க?"

"நான் திருத்தப் போன லட்சணத்தைத்தான் காலையில பார்த்தீங்களே."