கேட்காத செய்தி

தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற அருளப்பனுக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவி பிலோமினா நுரையீரல் புற்றுநோயில் போன பிறகு, வீட்டில் ஒரு மனிதக் குரலாவது கேட்கட்டும் என்று நாள் முழுக்க டிவியை ஓடவிட்டு, அடுத்த அறையில் உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்தார். விலாவில் வலி. மருத்துவமனையில் டாக்டர் மெஹருன்னிசா எக்ஸ்ரே எடுக்கச் சொன்னபோது, அருளப்பன் அவரிடம் ஒரு வாக்குக் கேட்டார்.

"எலும்பு ஒடஞ்சிருக்கான்னு மட்டும் சொல்லுங்கம்மா. வேற எது தெரிஞ்சாலும் சொல்லாதீங்க. சொல்லிட்டு நீங்க அடுத்த ஆளைப் பாக்கப் போயிருவீங்க. நான் அந்தச் சேதியோட தனியா வீட்டுக்குப் போணும்."

வேறென்ன தெரியப்போகிறது என்று நினைத்து, "சரிங்கய்யா" என்றார் டாக்டர்.

எலும்பு முறியவில்லை. ஆனால் எக்ஸ்ரே படங்களைச் சோதிக்கும் செயற்கை நுண்ணறிவு, கழுத்தடிக் காறை எலும்பின் நிழலில், நுரையீரலில் பட்டாணி அளவுப் புள்ளி ஒன்றை வட்டமிட்டிருந்தது. டாக்டரின் கண்ணுக்குத் தப்பிய புள்ளி. புற்றாக இருந்தால், இப்போதே எடுத்தால் பிழைக்க வழியுண்டு. இருமல் வரும்வரை பொறுத்தால் கடினம். அந்த இயந்திரத்திடம் யாரும் வாக்கு வாங்கியிருக்கவில்லை.

மூத்த மருத்துவர் கோதண்டராமன், "தெரிய வேண்டாம்னு சொல்ற உரிமை அவருக்கு உண்டு. கொடுத்த வாக்கைக் காப்பாத்தும்மா" என்றார்.

மதுரையிலிருந்த அருளப்பனின் தம்பி சவரிமுத்துவுக்குப் போன் செய்தார் மெஹருன்னிசா. "விலா எலும்புக்கு ஆபரேஷன்னு சொல்லி முடிச்சிருங்க டாக்டர். அண்ணனுக்குத் தெரியவே வேணாம்" என்றார் அவர்.

மெஹருன்னிசா இரண்டையும் செய்யவில்லை. மாலையில் அருளப்பன் வீட்டுக்கே போனார்.

"ஐயா, உங்களுக்குக் கொடுத்த வாக்கை மீறப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் படத்தைக் காட்டினார்.

அருளப்பனின் முகம் வெளுத்தது. அடுத்த அறையில் டிவி யாருக்கோ சமையல் சொல்லிக்கொண்டிருந்தது.

"நம்பித்தானேம்மா கேட்டேன்."

 டாக்டர் எழுந்து போகவில்லை. இருட்டும்வரை எதிர் நாற்காலியிலேயே இருந்தார்.

கதை கேட்டவர்களே, வாக்கைக் காக்கச் சொன்ன மூத்தவர், பொய் சொல்லி உயிரைக் காக்கச் சொன்ன தம்பி, வாக்கை மீறிய டாக்டர்: இம்மூவரில் யார் பக்கம் நியாயம்?

விடை: டாக்டர் பக்கம். மூத்தவர் சொன்ன உரிமை மெய்தான். ஆனால் அருளப்பன் அஞ்சியது தனிமைக்கு. அதைப் போக்காமல் வாக்கை மட்டும் காப்பது அவரைக் கைவிடுவதாகும். தம்பியின் பொய்யோ, அண்ணனின் உடம்பை அண்ணனிடமிருந்தே பறித்துவிடும். அருளப்பன் தானே சம்மதித்து அறுவை செய்துகொண்டு தேறினார். இப்போது பரிசோதனைக்கு வேறு டாக்டரிடம் போகிறார். மருத்துவமனை வராந்தாவில் மெஹருன்னிசாவைப் பார்த்தால் தலையசைப்பதோடு சரி. நியாயமாக நடந்தவருக்கு நன்றியும் கிடைக்கும் என்று யார் சொன்னது?