பரிசோதகருக்குப் பத்து நாள் லீவு

பால் சொசைட்டியில் கேன் கழுவும் எத்திராஜுக்கு வேலை போகும் நிலை. அனுப்பிய பாலெல்லாம் தண்ணீர் என்று குளிரூட்டும் நிலையத்தில் திட்டினார்கள்.

"இவன் கேனைக் கழுவிட்டுத் தண்ணியை வடிக்கிறதில்லை" என்றார் பாலைச் சோதித்து அனுப்பும் பரிசோதகர் தணிகாசலம். பத்தொன்பது வருடத்தில் ஒருநாள்கூட லீவு எடுக்காதவர்.

"பத்து நாள்ல பால் கெட்டியாகணும். இல்லைன்னா நீ வீட்டுக்குப் போ" என்றார் தலைவர்.

"ஆகட்டும் ஐயா. அந்தப் பத்து நாளும் பரிசோதகருக்கு லீவு கொடுங்க. பாவம், உழைச்சு உழைச்சு இளைச்சுட்டார்."

"நான் இல்லாம ஒரு கேன் நகராது" என்று தணிகாசலம் மன்றாடினார். தலைவர் விடவில்லை, குடும்பத்தோடு ராமேஸ்வரத்துக்கு அனுப்பிவைத்தார்.

மறுநாளே பால் கெட்டியாகிவிட்டது.

"என்னய்யா பண்ணினே?"

"எப்பவும் போலத்தான் கழுவினேன் ஐயா. அவர் ஊர்ல இல்லைன்னு மாடுங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

இப்போது அந்த சொசைட்டியில் தலைவர் உட்பட எல்லாரும் வருடத்துக்குப் பத்து நாள் கட்டாயம் லீவு எடுக்கிறார்கள். தணிகாசலத்தின் லீவு மட்டும் இன்னும் முடியவில்லை.