மின்விசிறியின் வசனம்

அமலோற்பவத்திடம் நாடகம் கற்க வந்தவர்களில் சிதம்பரதாணுதான் வயதில் மூத்தவர். அவளுடைய அப்பா இருந்திருந்தால் அந்த வயதுதான் இருக்கும்.

வேலையில் இருந்த காலம் முழுக்க அவர் வானொலியில் பேசியவர். செய்தி வாசித்திருக்கிறார். நாடகங்களில் ராஜாவாக, கோமாளியாக, சாகக் கிடக்கும் தகப்பனாகக் குரல் கொடுத்திருக்கிறார். சந்தையில் அவர் முகம் யாருக்கும் தெரியாது. மட்டிப்பழம் என்ன விலை என்று வாயைத் திறந்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

அமலோற்பவத்தின் வானொலி நிலையம் கடற்கரை ஊரில், மீன்வலைகளைச் சேமித்து வைக்கும் கிட்டங்கி ஒன்றின் மாடியில் இருந்தது. இரண்டே அறைகள். ஆட்டிசம் உள்ள சிலர் அங்கே சேர்ந்து நாடகம் எழுதி, நடித்து, ஒலிபரப்பி வந்தார்கள். அவளும் அவர்களில் ஒருத்தி. கேட்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களும் நாடகம் முடிந்து வானொலியை அணைத்த பிறகு உடனே எழுந்திருப்பதில்லை.

"டீச்சர், உங்க வேலையை எனக்குக் கத்துத் தரணும்" என்றார் சிதம்பரதாணு.

அவள் அவரைப் பார்க்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பார்த்தபடி, "உங்க குரலைக் கேட்டுத்தான் அண்ணாச்சி நான் பள்ளிக்கூடம் கிளம்புவேன்" என்றாள். பிறகு என்றோ ஒரு காலையில் அவர் வாசித்த வானிலை அறிக்கையை அப்படியே சொல்லத் தொடங்கினாள். அவருடைய நிறுத்தங்கள், அவர் விழுங்கிய எச்சில், நடுவில் அவர் தாள் திருப்பிய சரசரப்பு எல்லாம் அவள் வாயிலிருந்து வந்தன.

அவர் சிரித்தார். சிரித்து வெகுநாளாகியிருந்தது. அந்தச் சத்தம் அவருக்கே யாருடையதோ போல் கேட்டது.

"தாள் திருப்பினதைக்கூடவா ஞாபகம் வச்சிருக்கீங்க?"

"அதுவும் செய்தியிலதானே வந்தது."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"என் வீட்டுக்காரி, பகவதி, போய் ஒரு வருசம் ஆகப் போகுது. தலைத்திவசத்தன்னைக்கு அவளைப் பத்தி ஒரு நாடகம் போடணும். என் குரல் எத்தனையோ நாடாவுல கிடக்கு. அவ குரல் ஒண்ணுலகூட இல்லை. பதிவு பண்ணி வைக்கணும்னு தோணவே இல்லை. அவ வீட்டுல இருக்கிற மாதிரி இன்னொரு தரம் கேக்கணும், டீச்சர். வேற ஒண்ணும் வேண்டாம்."

"நாளைக்கு வாங்க" என்றாள் அவள்.

மறுநாள் அவருக்கு ஒரு மீனவத் தகப்பனின் பாத்திரம் கொடுத்தார்கள். பிரதியில், பக்கத்தின் ஓரத்தில், பேசுகிறவர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. தகப்பன். மகள். கதவு. மின்விசிறி. கடல்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். அறையே அதிர்ந்தது. ஒலிப்பதிவைக் கவனித்துக்கொண்டிருந்த அருளப்பன், நரை விழுந்த மனிதன், கையைத் தூக்கினான்.

"ஃபேன் வசனத்துல பேசிட்டீங்க, அண்ணாச்சி."

"ஃபேனுக்கு ஏதுப்பா வசனம்?"

"அதான் எழுதியிருக்கே. 'மின்விசிறி: சுற்றுகிறது.' அது சுத்தி முடிச்ச பிறகுதான் நீங்க."

"அது பின்னணிச் சத்தம் இல்லையா?"

அருளப்பன் 'பின்னணி, பின்னணி' என்று இரண்டு முறை தனக்குள் சொல்லிப் பார்த்தான். "அந்தப் பேருல இங்க யாரும் நடிக்கல" என்றான்.

மறுபடி தொடங்கினார்கள். மறுபடியும் அவர் குறுக்கே விழுந்தார்.

"ஃபேன் கோவிச்சுக்குமோ?" என்று கண்ணைச் சிமிட்டினார்.

"ஃபேன் கோவிக்காது. நான் கோவிப்பேன்."

அமலோற்பவம் காதொலிப்பானைக் கழற்றாமலே பேசினாள். "உங்களுக்கு மனுசக் குரல் முன்னால வந்து நின்னுரும் அண்ணாச்சி. மத்ததெல்லாம் தானாப் பின்னால போயிரும். எங்களுக்கு எல்லாம் ஒண்ணு போலத்தான் வரும். அதான் வரிசை போட்டு வச்சிருக்கோம். இல்லாட்டி ஒண்ணை ஒண்ணு மிதிச்சிரும்."

அவர் தலையாட்டினார். புரிந்ததாக அவருக்கே தோன்றவில்லை.

வீட்டுக்குப் போனால் முதல் வேலையாகத் தொலைக்காட்சியைப் போட்டுவிடுவார். பிறகு அடுத்த அறையில் நின்று பழைய நாடகப் பிரதிகளை உரக்க வாசிப்பார். சாப்பிடும்போதும் வாசிப்பார். வாய் ஓய்ந்தால் வீடு பெரிதாகிவிடும். அப்படித்தான் அந்த ஒரு வருசத்தையும் தள்ளியிருந்தார்.

வாசிப்புக்கு நடுவே தன் நாடகத்தையும் எழுதி முடித்தார். கொண்டுவந்து கொடுத்ததும் அமலோற்பவம் முதல் வரியிலேயே நின்றுவிட்டாள்.

"'பகவதி வருகிறாள். வளையல் ஓசை.' அவங்க வளையல் போட்டிருந்தாங்களா?"

சிதம்பரதாணு பிரதியை எட்டிப் பார்த்தார்.

"இல்லை. கை வீங்கிப்போச்சு. கடைசி வருசங்கள்ல கழட்டி வச்சுட்டா."

"அப்ப இது யாரு?"

"நாடகத்துல பொம்பளை வந்தா வளையல் சத்தம் வைக்கிறது வழக்கம்தானே, டீச்சர்."

"சரி. யாரு அது?"

அவள் கேலி செய்யவில்லை. வருவது யார் என்று தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

"பகவதி அம்மா என்ன சத்தம் போடுவாங்க?"

"அவ அதிகம் பேசமாட்டா."

"பேச்சைக் கேக்கலை. நடந்தா? பாத்திரம் எடுத்தா? கதவைத் திறந்தா?"

அவர் யோசித்தார். அத்தனை வருசம் ஒரே வீட்டில் இருந்தவள். ஒன்றும் வரவில்லை.

"தெரியல" என்றார். நல்ல குரல். அதில் அந்த வார்த்தை மிக அழகாக ஒலித்தது. அது அவருக்கு வெட்கமாக இருந்தது.

"கேட்டுட்டு வாங்க."

"யாருகிட்ட?"

"வீட்டுகிட்ட."

அன்று அவர் தொலைக்காட்சியைப் போடவில்லை. வாசிக்கவும் இல்லை. கூடத்தில் சும்மா உட்கார்ந்தார். குளிர்ப்பெட்டி முனகி நின்றது. பக்கத்து வீட்டுக் குக்கர் சீறியது. மதில்மேல் ஒரு காக்கை நடந்த நகச்சத்தம்கூடக் கேட்டது. அவள் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

காத்திருந்து சலித்து அடுக்களைக்குள் போனார். அவளுடைய தட்டுகள் அடுக்கியபடியே இருந்தன. ஒன்றைத் தூக்கினார். சத்தம் வரவில்லை. அடுத்ததைத் தூக்கினார். ஒவ்வொரு தட்டுக்கும் நடுவே பழைய புடவைத் துணி மடித்து வைத்திருந்தது. தினமும் பார்த்ததுதான். ஏன் என்று கேட்டதில்லை. புழக்கடைக் கதவின் கொண்டியில் துணி சுற்றியிருந்தது. நாற்காலிக் கால்களின் அடியில் ரப்பர் செருப்பிலிருந்து வெட்டிய துண்டுகள்.

அவர் கூடத்துக்கு வந்தார். முன்பெல்லாம் ஒத்திகை பார்க்கும் இடத்தில் நின்றார். பழக்கத்தில் தொண்டையைச் செருமினார். பிறகு காத்திருந்தார்.

எதற்காகக் காத்திருக்கிறோம் என்று முதலில் விளங்கவில்லை. தலைக்குமேல் மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. சுற்றிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை அவர் மாடி ஏறி வந்தபோது அமலோற்பவம் புடவைத் தலைப்பின் ஓரத்தை விரலால் நெருடிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், அவ சத்தமே போடல. எனக்கு இடைஞ்சலா இருக்கும்னு வீட்டையே துணியால சுத்தி வச்சிருக்கா. நான் செருமினதும் எனக்குப் பின்னால 'டக்'னு ஒரு சத்தம் வரும். ஃபேனை நிறுத்திருவா. நான் வாசிச்சு முடிக்கிற வரைக்கும் அந்தப் புழுக்கத்துல…"



அவள் ஆறுதல் சொல்லவில்லை. எழுந்து அவருடைய பிரதியை எடுத்தாள். வளையல் ஓசையை அடித்தாள். 'பகவதி' என்று எழுதி, எதிரே ஒரே ஒரு வரி எழுதினாள். 'மின்விசிறியை நிறுத்துகிறாள்.'

"எந்தப் பக்கம் நின்னு?"

"எனக்குப் பின்னால. வலது கைப் பக்கம்."

ஒலிவாங்கியைச் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறிக்குக் கீழே நகர்த்தினாள். சுவிட்ச் அவருக்குப் பின்னால், வலது கைப் பக்கம் இருக்கும்படி அவரை நிறுத்தினாள். அருளப்பன் கையைக் காட்டினான். பதிவு ஓடத் தொடங்கியது.

சிதம்பரதாணு செருமினார்.

டக்.

இறக்கைகள் உடனே நிற்கவில்லை. காற்றை அறுத்துக்கொண்டு சுற்றின. பிறகு ஒவ்வொரு சுற்றும் முந்தியதைவிடத் தாமதமாக வந்தது. கடைசிச் சுற்று, வருமா என்றிருந்து, வந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை. அவர் கழுத்தில் வேர்வை இறங்கியது. எங்கோ கடல் இருந்தது.

கையில் பிரதி இருந்தது. அடுத்த வரி அவருடையது. அவர் அதைப் பார்த்தார். திரும்பி அமலோற்பவத்தைப் பார்த்தார். சுவிட்சில் வைத்த கையை அவள் எடுக்கவில்லை. கண்களை மூடியிருந்தாள்.

"ஃபேன் நின்னுட்டுது, டீச்சர்" என்றார் மெதுவாக. "நான் பேசலாமா?"

"இருங்க, அண்ணாச்சி" என்றாள் அவள். "அவங்க இன்னும் முடிக்கல."